அப்புத்தளை – பண்டாரவளை: ரோட்டிலும் தண்டவாளத்திலும் ஏறாமல் நடக்க வழி உண்டா?

கேள்வி, 2024 ஜனவரி 21

அப்புத்தளையிலிருந்து பண்டாரவளைக்கு நடந்து போக ஆசை. விசாரித்தவர்கள் எல்லாரும் ரயில் பாதையைக் காட்டுகிறார்கள், இல்லாவிட்டால் பஸ் ரோட்டை. வேறு பாதையே கிடையாது என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். ஆனால் என் அம்மாவின் அப்பா அந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு மலை வழியாகவே பண்டாரவளை போய் வருவாராம். அந்த வழி இன்னும் இருக்கிறதா? நான் கொழும்பில் வளர்ந்தவன், தேயிலை மலைக்குள் தனியாக நடந்த பழக்கம் இல்லை.

பதில், ஜனவரி 21, இரவு

இருக்கிறது தம்பி. அந்தக் குறுக்குப் பாதையில்தான் நான் பள்ளிக்கூடம் போனேன்.

டவுனை விட்டுப் பண்டாரவளை ரோட்டில் கொஞ்ச தூரம் வந்ததும் வலது கைப்பக்கம் ஒரு தோட்டத்து வண்டி ரோடு ஏறும். அதைப் பிடியுங்கள். முதல் முடக்கில் ரோட்டோடு வளையாமல் நேரே ஏறும் கல்படியில் ஏறுங்கள். உச்சியில் ஒரு மாரியம்மன் கோயில். அங்கிருந்து மேல்கணக்கு (தோட்டத்தின் மேற்பிரிவு) லயத்தை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளைத் தாண்டி, பணியக்கணக்குக்கு (கீழ்ப்பிரிவுக்கு) இறங்கி, ஒரு ஆற்றைக் கடந்து, அடுத்த தோட்டத்து மலைக்குள் ஏறி, பைன் காட்டைச் சுற்றி இறங்கினால் பண்டாரவளை. மூன்றரை மணி நேரம். இடது கைப்பக்கம் கீழே பஸ் ரோடு வந்துகொண்டே இருக்கும், அதற்கும் அப்பால் தியத்தலாவைப் புல்மலைகள். இந்த இரண்டும் இடப்பக்கம் இருக்கும்வரை வழி தவறவில்லை என்று அர்த்தம்.

ஜனவரி 22

ரயில் பாதையைப் பற்றி நேற்று எழுதாமல் விட்டது தப்பு. தண்டவாளத்தில் நடக்காதீர்கள். படம் எடுக்கிறவர்களைப் பார்த்துவிட்டு எல்லாரும் நடக்கலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். இந்த மலையில் கோச்சி (ரயில்) வருவது காதுக்குத் தெரியாது என்பதுதான் பெரிய விசயம். முடக்குக்கு முடக்கு மண்மேடு, சத்தத்தை அது விழுங்கிவிடும். காற்று எதிர்ப்பக்கம் அடித்தால் எஞ்சின் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் சத்தம் வந்து சேரும். அப்புத்தளை மூடுபனியில் கண்ணும் உதவாது. எங்கள் லயத்தில் ஒருவரை அப்படிப் பறிகொடுத்தோம். காலம் பூராவும் அந்தப் பாதை ஓரமாகவே நடந்து பழகியவர் அவர்.

ஜனவரி 28

இந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நடந்து பார்த்தேன். ஏழெட்டு வருடமாகத் துண்டு துண்டாக நடந்திருக்கிறேனே தவிர, ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடக்கவில்லை. 21ஆம் திகதி எழுதியதில் திருத்த வேண்டியவை:

மூன்றரை மணி நேரம் என்பது பன்னிரண்டு வயதில் எனக்குப் பிடித்த நேரம். இன்றைக்கு எனக்கு ஐந்தே கால் மணி நேரம் பிடித்தது. கொழும்பிலிருந்து வருகிறவர் ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆற்றுப் பாலம் இல்லை. இரண்டு தண்டவாள இரும்பைப் போட்டுப் பலகை அடித்த பாலம் அது. இரும்பு இருக்கிறது, பலகை போய்விட்டது. தண்ணீர் குறைவாக இருந்தபடியால் கல் மேல் கல்லாக மிதித்துக் கடந்தேன். தண்ணீர் முழங்காலுக்கு மேல் போனால் இறங்க வேண்டாம், திரும்பி வந்து பஸ் ரோட்டுக்கு இறங்கிவிடுங்கள்.

ரோட்டைத் தொடாத வழி இருக்கிறது என்ற மாதிரிச் சொன்னதும் சரியில்லை. இரண்டு இடத்தில் தொடுகிறது. இரண்டாவது இடத்தில் ஒரு பாண் கடை (பேக்கரி) இருக்கிறது, சூடாகப் பிளேண்டி (பாலில்லாத் தேநீர்) கிடைக்கும். அங்கே உட்கார்ந்துதான் காலில் ஏறியிருந்த அட்டைகளைப் பார்த்தேன். கடைக்கார அக்கா கேட்காமலே கொஞ்சம் உப்பைக் கடதாசியில் மடித்துக் கொடுத்தார்.

ஜனவரி 30

தம்பி போன் வரைபடத்தை அனுப்பியிருக்கிறார். அதில் தெரியும் வழி நான் சொன்னதைப் போல இரண்டு மடங்கு நீளம், ஏன் என்று கேட்கிறார்.

போன் காட்டுவது வண்டி ரோட்டை. தோட்டம் வெட்டின காலத்தில் மாட்டுவண்டி ஏறுகிற வாட்டத்துக்குத்தான் ரோடு வெட்டினார்கள். மாடு செங்குத்தாக ஏறாது. அதனால் ரோடு மலையைச் சுற்றிச் சுற்றி, முடக்குக்கு முடக்கு திரும்பி, ஆறுதலாக ஏறும். மனுசனுக்கு அந்தச் சுற்று எதற்கு? முடக்குகளுக்கு நடுவே நேராக ஏறி இறங்கினான். தலையில் கொழுந்துச் சாக்கோடு ஏறினான், பிரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) நேரமாகிவிட்டது என்று ஓடி இறங்கினான். அப்படி விழுந்த தடம்தான் குறுக்கு. யாரும் அளந்து போட்ட பாதை இல்லை. அதனால்தான் வரைபடத்திலும் பெரும்பாலும் இல்லை.

பழைய ஒரு அங்குல வரைபடத்தில், அதாவது ஒரு மைலை ஒரு அங்குலமாகப் போட்ட நில அளவைத் திணைக்களத்து வரைபடத்தில், ஒற்றையடிப் பாதைகளைப் புள்ளிக்கோடாகக் காட்டியிருப்பார்கள். நில அளவையாளர்களைப் பயிற்றும் நிறுவனமே நம் தியத்தலாவையில்தான் இருக்கிறது. படிக்கிற பிள்ளைகள் சங்கிலியும் கருவியுமாக அந்தப் புல்மலைகளை ஏறி இறங்கி அளந்ததைச் சின்ன வயதில் இந்தப் பக்க மலையிலிருந்து பார்த்திருக்கிறேன்.

பெப்ரவரி 2

வழி கேட்பது எப்படி என்றும் எழுத வேண்டும், அது தெரியாவிட்டால் பாதி வழியில் நிற்க வேண்டி வரும்.

"பண்டாரவளைக்கு எப்படிப் போறது?" என்று கேட்டால் பஸ்ஸைக் காட்டுவார்கள். அது உங்கள் மேல் உள்ள அக்கறை. "பணிய லயத்துக்கு இறங்குற குறுக்கு எது அக்கா?" என்று கேளுங்கள். எங்கள் பக்கத்தில் பணிய என்றால் கீழே. மேல்கணக்கு, பணியக்கணக்கு என்பவை தோட்டத்தின் பிரிவுகள். ஒவ்வொரு மலைக்கும் நம்பர் உண்டு: ஆறாம் நம்பர் மலை, பதினொராம் நம்பர் மலை. "ஆறாம் நம்பர்ல கொழுந்து எடுக்கிறாங்களா?" என்று கேட்டாலே உங்களை நடக்கிற ஆளாக எடுத்துக்கொள்வார்கள், அப்புறம் வழி தானாக வரும்.

தூரம் கேட்டால் "அந்தா இருக்கு" என்பார்கள். அது அரை மணி நேரம். "கொஞ்சம் தூரம்தான்" என்றால் சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

பெப்ரவரி 3

தோட்டத்துப் பெயரைப் போடச் சொல்லிப் பலர் கேட்கிறார்கள். போடமாட்டேன். அங்கே காவலுக்கு நிற்பவர் நல்ல மனிதர், நடந்து வருகிறவர்களைத் தடுப்பதில்லை. முகம் தெரியாத ஆட்கள் கூட்டமாக வந்து "எழுதியிருந்தார்கள், அதனால் வந்தோம்" என்று நின்றால் அவருக்கு மேலிடத்தில் பேச்சு விழும். வருகிறவர்கள் கோயிலடியில் நின்று யாரிடமாவது கேட்டுவிட்டுப் போங்கள். அது போதும்.

பெப்ரவரி 11

"உங்களுக்கு இந்தப் பாதை எப்படி இவ்வளவு பாடம்?" என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். என் அப்பா தப்பால்காரர்.

இளையவர்களுக்குத் தெரியாது, சொல்கிறேன். தோட்டத்துக்குத் தபால்காரர் வரமாட்டார். டவுன் தபால் கந்தோருக்குத் தோட்டத்திலிருந்து ஒரு ஆள் போய்க் கடிதங்களை வாங்கி வர வேண்டும். அவர்தான் தப்பால்காரர். காலையில் தோட்டத்துக் கந்தோரில் பையை எடுத்துக்கொண்டு அப்புத்தளைக்கு நடப்பார், மத்தியானம் திரும்பி வருவார். பஸ்ஸுக்குக் காசு கிடையாது, பஸ்ஸும் அந்த நேரத்துக்குக் கிடையாது. காக்கிக் காற்சட்டை, தலையில் மடித்துப் போட்ட சாக்கு, தோளில் வாயைப் பூட்டிய பை. திறப்பு அப்பாவிடம் இருக்காது. தபால் கந்தோரில் ஒன்று, தோட்டத்துக் கந்தோரில் ஒன்று.

பூட்டிய பைக்குள் இருப்பது துரைக்கும் கந்தோருக்கும் உள்ளது. லயத்துச் சனங்களின் கடிதங்களைத் தனியாகக் கயிற்றில் கட்டிக் கையில் வைத்திருப்பார்.

மேல்கணக்குக்கும் பணியக்கணக்குக்கும் நடுவில் ஒரு பீலி இருக்கிறது. மூங்கிலைப் பிளந்து ஊற்றுத் தண்ணீரைத் திருப்பி விட்ட இடம். பக்கத்தில் இடுப்பளவு உயரத்தில் தட்டையான கல் ஒன்று. அப்பா பையை அந்தக் கல்லில் இறக்கி வைத்துக் கால் கழுவுவார். கடிதம் எதிர்பார்க்கிறவர்கள் அங்கேயே வந்து காத்திருப்பார்கள். பலருக்கு வாசிக்கத் தெரியாது. அப்பா ஐந்தாம் வகுப்பு. கல்லில் சாய்ந்துகொண்டு வாசித்துக் காட்டுவார். 1964 இலங்கை–இந்திய ஒப்பந்தத்துக்குப் பிறகு நிறையச் சனம் இந்தியாவுக்குப் போய்விட்டது இல்லையா, அதனால் வருவதெல்லாம் அங்கிருந்து வரும் கடிதம். புதுக்கோட்டை, திருச்சி, நீலகிரி. "இங்கு அனைவரும் நலம். அங்கு உங்கள் நலம் அறிய ஆவல்." இந்த இரண்டு வரியை வாசிக்கும்போதே அழத் தொடங்கிவிடுவார்கள்.

பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நானும் கூடப் போவேன். கடிதம் வாசிக்கும்போது பீலிக்கு அந்தப் பக்கம் போய் நிற்கச் சொல்வார். அடுத்த வீட்டுக் கதை பிள்ளையின் காதில் விழக் கூடாது என்பார்.

பெப்ரவரி 12

நேற்று எழுதியதை அக்கா வாசித்துவிட்டு ஒரு திருத்தம் சொன்னார். அப்பா எல்லாக் கடிதத்தையும் கல்லில் வைத்து வாசிப்பதில்லையாம். உறையைப் பார்த்தே மரணச் செய்தி என்று அவருக்குத் தெரிந்துவிடுமாம், அதை மட்டும் லயத்துக்கே கொண்டுபோய், வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் வாசிப்பாராம். நான் அதைக் கவனித்ததே இல்லை.

மார்ச் 3

பீக்கோ நடைபாதை இருக்கும்போது உங்கள் குறுக்கு எதற்கு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தெரியாதவர்களுக்கு: கண்டி ஹந்தானையில் தொடங்கி, அட்டன், அப்புத்தளை, எல்ல என்று சுற்றி, நுவரெலியாவில் முடிகிற 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நடைபாதை அது. 22 கட்டங்கள். பழைய தோட்டத்து வழிகளைத்தான் கோத்திருக்கிறார்கள்.

எனக்கு அதில் வருத்தம் உண்டு. எங்கள் ஆட்கள் கால் தேய நடந்து உண்டாக்கிய தடங்களுக்குத் தேயிலைத் தூளின் ஒரு ரகப் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். நடந்தவர்களுடைய பெயர் எங்கேயும் இல்லை.

மார்ச் 5

நேற்று முன்தினம் எழுதியதை யோசித்துப் பார்த்தேன். வருத்தம் வருத்தம்தான், அதை எடுக்கவில்லை. ஆனால் அந்த நடைபாதை வந்த பிறகு எங்கள் பக்கத்துப் பையன்கள் இரண்டு பேர் வழிகாட்டியாகப் போகிறார்கள். ஒரு அம்மா லயத்து வாசலில் ரொட்டியும் கட்டச் சம்பலும் விற்கிறார், கொழுந்தெடுத்து வாங்குகிற நாட்சம்பளத்துக்குக் குறையாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பார்க்கிறேன் என்கிறார். அம்புக்குறி போட்ட வழியை யாரும் சுலபமாக வேலி போட்டு அடைக்க முடியாது. இதெல்லாம் நல்லது. எங்கள் குறுக்குக்கு அம்புக்குறி இல்லை. அதற்கு அது வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். தமிழிலும் எழுத வேண்டும், அவ்வளவுதான்.

மார்ச் 5, மாலை

நடந்தவர்கள் பெயர் என்று எழுதியதும் ஞாபகம் வந்தது. போன வருடம் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் போனார்கள் அல்லவா? ஜூலை 28இல் தொடங்கி ஓகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிந்தது. 200 வருடத்துக்கு முன் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த நம் ஆட்கள் கப்பலால் இறங்கி, காட்டு வழியாக நடந்துதான் மாத்தளைக்கு வந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவர்களுக்குக் கணக்கில்லை. கடைசி நாள் நானும் மாத்தளைக்குப் போய்ச் சேர்ந்துகொண்டேன். மொத்தமே ஆறேழு கிலோமீட்டர்தான் நடந்திருப்பேன். பக்கத்தில் ஒரு வயதான அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். கால் சுடவில்லையா என்று கேட்டேன். "செருப்போட நடந்தா யாருக்காக நடக்கிறோம்னு மறந்துபோகும்யா" என்றார்.

மார்ச் 24

அவசரமான விசயம். பணியக்கணக்கு தாண்டி ஆற்றுக்கு இறங்கும் மலையில் குளவிக்கூடு.

குளவி என்றால் சும்மா இல்லை. கொழுந்தெடுக்கிற பெண்களைக் குளவி கொட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள் என்று பேப்பரில் வராத மாதம் இல்லை, உயிர் போனவர்களும் இருக்கிறார்கள். நான் இன்றைக்குப் பார்த்தது சவுக்கு மரக் கிளையில், சுளகு அகலம், மேலே பார்க்காவிட்டால் தெரியாது. பாதையின் குறுக்கே யாரோ கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சியைப் படுக்கப் போட்டிருந்தார்கள், மேலே ஒரு கைப்பிடி பச்சைப் புல். காய்ந்த குச்சி தானாக விழுந்திருக்கலாம், பச்சைப் புல் தானாக வந்து அதன் மேல் உட்காராது. அந்த மலையில் வேலை செய்யும் பெண்கள் பின்னால் வருகிறவர்களுக்கு வைத்த அடையாளம். தாண்டிப் போகாமல் நின்று பார்த்தேன், அப்போதுதான் கூடு கண்ணில் பட்டது.

அப்படிப் படுக்கப் போட்ட குச்சியைக் கண்டால் மிதித்துக் கடக்காதீர்கள். சென்ட் அடித்துக்கொண்டு மலைக்கு வராதீர்கள். சத்தம் போட்டுப் பேசாதீர்கள். குளவி ஒன்று சுற்றினால் கையை வீசாமல் வந்த வழியே மெதுவாகத் திரும்புங்கள்.

மார்ச் 31

கூட்டைத் தோட்டத்தில் ராத்திரி நெருப்பு வைத்து எடுத்துவிட்டார்கள். குச்சியும் இல்லை. போகலாம்.

ஏப்ரல் 20

ரயில் வந்த கதையைக் கேட்டார் தம்பி. அப்புத்தளைக்கு 1893இல் வந்தது, அடுத்த வருடம் 1894இல் பண்டாரவளைக்கு. பதுளைக்குப் போனது 1924இல். நடுவில் முப்பது வருடம். ஊவா மாகாணத்தின் உட்பக்கத்துச் சனம் கோச்சி ஏற வேண்டுமென்றால் அந்தக் காலத்தில் பெரும்பாலும் பண்டாரவளைப் பக்கம்தான் நடக்க வேண்டும். இந்தக் குறுக்கு பண்டாரவளையை நெருங்க நெருங்க அகலமாவதும், இங்கிருந்தும் அங்கிருந்தும் கிளைத்தடங்கள் வந்து சேர்வதும் அதனால்தான் என்பது என் கணிப்பு. சந்தையும் ஒரு காரணம். உங்கள் தாத்தா வந்த தடமும் அதில் ஒன்றாக இருக்க வேண்டும்.

தியத்தலாவையைப் பற்றி ஒன்று. எதிர்ப்பக்கம் தெரிகிற அந்தப் புல்மலையில்தான் 1900இல் தென்னாபிரிக்காவிலிருந்து போயர் யுத்தக் கைதிகளைக் கொண்டுவந்து வைத்தார்கள், ஐயாயிரம் பேரளவில். கடல் கடந்து கொண்டுவரப்பட்டவர்கள் இரண்டு பக்க மலையிலும் இருந்திருக்கிறார்கள்.

மே 19

கெட்ட செய்தி. பைன் காட்டுக்கு முன்னால் வரும் மலையில் பாதை போய்விட்டது.

அந்த மலையில் கொழுந்தெடுப்பதை நிறுத்தி இரண்டு வருடமாகிறது. ஜனவரியில் நடந்தபோது மானாப்புல் இடுப்பளவு இருந்தது, ஒதுக்கிக்கொண்டு வந்துவிட்டேன், அதை எழுதவும் இல்லை. இப்போது ஆளை மூடுகிறது. தேயிலைச் செடி மரமாகிவிட்டது. கான் (வடிகால்) எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஒரு காலை உள்ளே விட்டுவிட்டேன், முழங்கால் சிராய்த்துவிட்டது. இருநூறு மீற்றர்தான் இருக்கும், அதைக் கடக்க நாற்பது நிமிடம்.

யாரையும் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. மலையில் ஆள் நடந்தால் பாதை இருக்கும். கொழுந்தெடுப்பவர்கள் ஏழெட்டு நாளைக்கு ஒரு தடவை ஒவ்வொரு மலைக்கும் வருவார்கள், அந்த மிதியே பாதையைத் திறந்து வைத்திருந்தது. பள்ளிப் பிள்ளைகள் மிதித்தார்கள், இப்போது அவர்கள் வான் வண்டியில் போகிறார்கள். மழையிலும் அட்டையிலும் நான் நடந்ததைப் போல அவர்கள் நடக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஓட்டோ வந்தது, நோயாளியைத் தூக்கிக்கொண்டு கல்படியில் இறங்க வேண்டியதில்லை. நல்லதுதான். ஆனாலும் பாதை போவதைப் பார்க்க நெஞ்சு கனக்கிறது. இரண்டு மழைக்காலம் போதும் ஒரு தடம் அழிய.

மே 21

"அப்படியானால் நடக்கவே வேண்டாமா?" இல்லை, நடக்கலாம். அந்த மலைக்கு முன்னால் வண்டி ரோட்டுக்கு இறங்கிச் சுற்றி வாருங்கள். முக்கால் மணி நேரம் கூடும்.

ஜூன் 9

எந்த மாதம் நல்லது என்று கேட்டவர்களுக்கு: ஜூலை முதல் செப்டெம்பர் வரை. மேற்குப் பக்கத்தில் மழை கொட்டும்போது மலை தாண்டி ஊவாவுக்கு வருவது காய்ந்த காற்று. அந்தக் காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு அதன் தனி மணம் ஏறுகிறது, தோட்டத்தில் சீசன் என்பார்கள். ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) ஓரமாக நடந்தால் கொழுந்து வாடுகிற மணம் சட்டையில் பிடித்துக்கொள்ளும். அட்டை குறைவு, ஆற்றில் தண்ணீர் குறைவு. ஆனால் புல் காய்ந்திருக்கும், பீடி சிகரட் வேண்டாம், தீப்பிடித்தால் மலையே போகும்.

ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழை. அப்போது நடக்கிறவர்கள் காலையில் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பதுளை மாவட்டத்துக்கு எச்சரிக்கை இருந்தால் வீட்டிலேயே இருங்கள். கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் லயங்கள் மண்ணுக்குள் போனது ஒரு நிமிடக் கதை. அப்புத்தளை மேட்டில் தென்கிழக்குப் பக்கம் திரும்பி நின்றால் கொஸ்லந்தைப் பக்கத்து மலைகள் அடுக்கடுக்காகத் தெரியும். நான் அங்கே நிற்கும்போதெல்லாம் அந்தச் சனத்தை நினைத்துக்கொள்வேன்.

ஜூலை 28

தம்பி வந்திருந்தார், அவருடைய அம்மாவையும் கூட்டிக்கொண்டு. அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. பாதி தூரம் ஓட்டோவில் வந்து பீலிக்கரையில் எங்களைச் சந்திப்பதாக ஏற்பாடு. காலை ஆறரைக்கு நானும் தம்பியும் கல்படி ஏறினோம். கோயில் வாசலில் தம்பிக்கு மூச்சு வாங்கியது. அங்கிருந்து திரும்பிப் பார்க்கச் சொன்னேன். பனி இல்லாத காலை, தெற்கே சமவெளி கடல் வரைக்கும் விரிந்து கிடந்தது. ஒன்றும் பேசாமல் நின்றார்.

பீலிக்கரைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அம்மா முன்னமே வந்திருந்தார். கல்லில் கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். அந்தக் கல்லின் மேல்முகத்தில், ஒரு ஓரத்தில், உள்ளங்கை அளவு ஒரு பள்ளம் வழவழவென்று இருக்கும். பையின் பித்தளைப் பூட்டு உராய்ந்து உராய்ந்து உண்டான பள்ளம் அது. அப்பாவுக்கு முன்னால் இருந்த தப்பால்காரர்களின் பூட்டும் சேர்த்துத்தான். அம்மாவின் விரல் அந்தப் பள்ளத்தில் இருந்தது, அது என்னவென்று தெரியாமலே. சொன்னேன்.

"எங்கப்பாவுக்கு இந்தியாவுல இருந்து பெரியப்பா எழுதுவாரு. இங்கதான் வாங்கியிருப்பாரோ?" என்று கேட்டார். எந்தக் கணக்கு என்று கேட்டேன். மேல்கணக்கு என்றார். மேல்கணக்கு என்றால் இங்கேதான் அம்மா, வேறு இடம் இல்லை என்றேன். பீலித் தண்ணீரில் முகம் கழுவிவிட்டு, ஒரு போத்தலில் பிடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அப்புறம் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. ஓட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டு ஆறு வரைக்கும் எங்களோடு நடந்தார். ஆற்றங்கரையில் மட்டும் காலைப் பார்த்துவிட்டு, போதும் ஐயா என்றார். தம்பி அவரைப் பஸ் ரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பண்டாரவளைக்கு நான் தனியாகத்தான் போய்ச் சேர்ந்தேன்.

ஓகஸ்ட் 4

தம்பி கேட்கிறார்: நடை பாதியிலே நின்றுவிட்டதே, அதைக் கணக்கில் எடுக்கலாமா என்று. உங்கள் தாத்தா சந்தைக்குப் போன பாதையில் உங்கள் அம்மாவோடு நடந்தீர்கள். மிச்சத்தை அடுத்த தடவை ஆற்றிலிருந்து தொடங்குவோம்.

செப்டெம்பர் 1

பைன் காட்டுக்கு முன்னால் உள்ள மலையில் இன்றைக்கு நாங்கள் ஏழு பேர் புல்லு வெட்டினோம். வழிகாட்டியாகப் போகிற பையன்கள் இரண்டு பேர், பாண் கடை அக்காவின் மகன், தம்பியோடு கொழும்பிலிருந்து வந்த இருவர், தம்பி, நான். காவல்காரரிடம் முதல் நாளே சொல்லிவிட்டோம். அவர் ஒரு கவ்வாத்துக் கத்தியைக் கொடுத்து அனுப்பினார். மானாப்புல்லை அடியோடு வெட்டினால் மண் கழுவிப்போகும் என்று கடை அக்காவின் மகன் சொன்னதால் ஒரு ஆள் போகிற அகலத்துக்கு மட்டும் வெட்டினோம். பழைய கல்படிகளில் பதினொன்று உள்ளே இருந்தன. மழைக்கு முன் இன்னொரு தடவை வெட்ட வேண்டும். ஒக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் கையுறையும் முழுக்காற்சட்டையும் கொண்டு வாருங்கள்.

செப்டெம்பர் 8

பிள்ளைகளோடு வருவதாக எழுதிய சகோதரிக்கு: ஆறு வரைக்கும் பிள்ளைகள் நடப்பார்கள், பயமில்லை. பீலிக்கு மூங்கில் புதிதாக மாற்றியிருக்கிறார்கள், தண்ணீர் நன்றாக விழுகிறது. அங்கே போத்தலை நிரப்பிக்கொள்ளுங்கள், பாண் கடை வரைக்கும் வேறு தண்ணீர் இல்லை.